விரல் அட்டெண்டன்ஸ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர் தம்பி தங்கைகளே, உங்களுக்குப் பட்டறைப் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் வந்து பேசச் சொல்லி உங்கள் முதல்வர் என்னைப் போனில் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாதுகாப்பைப் பற்றி மைக்கில் பேசினால் கேட்பவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். நானே அப்படிப்பட்ட கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன். எழுதித் தருகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதுவும் இல்லாத விரல்.

நம் ஐ.டி.ஐ.யில் ஹவில்தார் சார் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வந்து இங்கே ஒர்க்‌ஷாப் வாத்தியாராகச் சேர்ந்தவர். அவருடைய பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ரோட்டோரம் உள்ள எந்த லேத் பட்டறையிலும், எந்த வெல்டிங் கடையிலும் இறங்கி "ஹவில்தார் சார்" என்று சொல்லிப் பாருங்கள், டீ வரும். அவருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. அடியோடு கிடையாது. அந்த விரலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஃபிட்டர் பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. டிப்ளமோ முடித்த திமிர் உடம்பு முழுக்க இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஹவில்தார் சார் வாசலை மறித்து நின்றுகொண்டு, "எங்க கெளம்பிட்டீக? கையக் காட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பையன்கள் எல்லாரும் வரிசையாக நின்று, போலீசில் பிடிபட்டவர்கள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் அட்டெண்டன்ஸ் பேருக்கு, சாயங்காலம் அட்டெண்டன்ஸ் விரலுக்கு. அதுதான் அவர் போட்ட சட்டம். ஒவ்வொரு பையன் முன்னாலும் நின்று, தூக்கிய கையைப் பார்த்து, "பத்து" என்பார். அடுத்தவனிடம் போய் "பத்து". வரிசை முடிந்ததும் நடுவில் வந்து நின்று, தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "ஒன்பது" என்பார். அவர் ஒன்பது சொல்லும் வரைக்கும் ஒருவனும் கையை இறக்கக் கூடாது. சொன்னால்தான் வீடு. எனக்கும் அன்றைக்கு "பத்து" போட்ட பிறகுதான் பஸ்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இது என்ன நர்சரிப் பள்ளிக்கூடமா என்று முதல்வர் அறையில் போய்க் கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்துக் காட்டி, "நானும் காட்டிட்டுத்தான் போறேன்" என்றார். அதோடு என் திமிர் பாதி இறங்கியது.

மீதிப் பாதியை இறக்கியவன் காசிம். உத்தமபாளையத்துப் பையன், வெல்டர் பிரிவு. அவனுக்கு வலது கையில் பிறவியிலேயே ஆறு விரல். அதனால் வரிசையில் அவன் முன்னால் வரும்போது மட்டும் சார் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "பதினொண்ணு" என்பார். அவன் பட்டப்பெயரே பதினொண்ணு ஆகிவிட்டது. இன்றைக்கு அவன் கடை போர்டிலேயே பெயருக்குக் கீழே பதினொண்ணு என்று எழுதியிருக்கிறான்.

ஒரு நாள் சாயங்காலம் வரிசை முடிந்தது, சார் கையைத் தூக்கவில்லை. "பதினொண்ணு எங்க?" என்றார். காலையில் பேர் சொன்னபோது இருந்திருக்கிறான், இப்போது இல்லை. சார் முகம் மாறிவிட்டது. கேட்டைப் பூட்டச் சொன்னார். வெல்டிங் ஷெட்டுக்குள் ஓடினார், சிலிண்டர் ரூமுக்குள் ஓடினார், இரும்புத்தூள் குவியலைக் கம்பியால் கிளறிப் பார்த்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைசியில் ஒரு பையன் அழுதுகொண்டே, அவன் சோத்துக்கப்புறம் சுவர் ஏறிக் குதித்துப் படத்துக்குப் போய்விட்டான் என்று சொன்னான்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? மறுநாள் வரட்டும், தோலை உரித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சார் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நேராகத் தியேட்டருக்குப் போனார். மேட்னி ஷோ ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிப்பவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வரிசை வரிசையாக முகத்தில் வெளிச்சம் அடித்தார். ஜனங்கள் திட்டினார்கள், அவர் காதில் வாங்கவில்லை. நடு வரிசையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த காசிம் முகத்தில் டார்ச் விழுந்தது. பயல் தானாகவே, முறுக்கோடு, இரண்டு கையையும் தூக்கிவிட்டான். சார் பொறுமையாக எண்ணினார். "பதினொண்ணு" என்றார், தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி. பிறகு, "சரி, படத்தப் பாருலே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வாசலில் நின்று, தெருவில் போவோர் வருவோர் பார்க்க, தன் கையைத் தூக்கி என்னிடம் "ஒன்பது" என்று காட்டிய பிறகுதான் மொபெட்டை எடுத்தார். ஐ.டி.ஐ.யில் மற்றப் பையன்கள் நாங்கள் திரும்பி வரும் வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம். அதற்காக அவர்கள் மறுநாள் காசிமுக்குக் கொடுத்த பூசையில் சார் தலையிடவில்லை.

இப்போது விரலுக்கு வருகிறேன். நான் சேர்ந்த முதல் வாரம் ட்ரில்லிங் மெஷின் பாடம். சார் தன் கையைத் தூக்கிக் காட்டி, கையுறை மாட்டிக்கொண்டு ட்ரில்லைத் தொட்டதால் உறையோடு சேர்ந்து விரலும் சுற்றிக்கொண்டு போய்விட்டது என்றார். பையன்கள் ஆடிப்போய்விட்டார்கள். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறு வாரம் அடுத்த ஷெட்டில் டர்னர் பையன்களுக்கு லேத் பாடம். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். மோதிரம் போட்டுக்கொண்டு லேத்தில் நின்றதால் மோதிரத்தோடு விரலும் போய்விட்டது என்று அதே குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்து வயர்மேன் பிரிவில், மெயினை அணைக்காமல் ஃபியூஸ் கட்டையில் கை வைத்ததால் கருகிப்போன விரல் அது. வெல்டர்களுக்கு, கேஸ் சிலிண்டர் விழுந்து நசுங்கியது.

நான் மனுஷனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், ஒரு விரல் எத்தனை தடவை சார் போகும் என்று. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னைக்கு என்ன பாடமோ அதுல போகும்" என்றார். உண்மையில் எதில்தான் போனது என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, உங்கள் பிரிவில் அடுத்த வாரம் கிரைண்டிங் வீல் பாடம் இருக்கிறதல்லவா, அன்றைக்கு வந்து சொல்கிறேன் என்றார்.

ஒரு தடவை மாட்டிக்கொண்டார். டர்னர் பையன் ஒருவனும் வயர்மேன் பையன் ஒருவனும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. இரண்டு கூட்டமும் சேர்ந்து நியாயம் கேட்க வந்தது. எது பொய் சார் என்று முன்னால் நின்றவன் கேட்டான். மனுஷன் மானம் போகப்போகிறதே என்று நான் நடுவில் புகுந்து தடுக்கப் பார்த்தேன். சார் நிதானமாக லேத்தை ஓட விட்டார். "எது பொய்யின்னு நீயே கண்டுபிடி. இது பொய்யா இருந்தா வெரல விட்டுப் பாரு" என்றார். பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான், நியாயம் முடிந்தது. கூட்டம் கலைந்தது.

ஆனால் ஒரு கதையை மட்டும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. ஆபீசிலும் ஊரிலும் எல்லாரும் சண்டையில் குண்டடிபட்டுப் போன விரல் என்றுதான் நம்பினார்கள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் சாருக்கு இருமல் வந்துவிடும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். பட்டாளத்துக்காரர்களுக்கே உள்ள அடக்கம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

சமீபத்தில் சார் காலமாகிவிட்டார். நல்ல வயசு, படுக்கையில் கிடக்காத சாவு. பழைய மாணவர்கள் சேர்ந்து உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்திறப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படத்தைத் திறந்துவைக்க வேண்டியது அவருடைய ஒரே மகள் செல்வி. தேவாரத்தில் பள்ளிக்கூட டீச்சர். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

காலையில் நான் போய்ச் சேரும்போதே மண்டப வாசலில் தகராறு. பயல்கள் வாசலுக்கு மேலே ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் சார் படத்துக்குப் பின்னால் பீரங்கி, ஹெலிகாப்டர், ஒரு புலி எல்லாம் இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், "போர்முனையில் விரலைக் காணிக்கையாக்கிய மாவீரர்". ஃபிளெக்ஸுக்கு முன்னால் காமயகவுண்டன்பட்டி சுபேதார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். சாரோடு ஒரே யூனிட்டில் இருந்தவர், இப்போது திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். மேடையில் பேசுவதற்காக நாங்கள்தான் கூப்பிட்டிருந்தோம்.

இதற்குக் கீழே நுழைந்து உள்ளே வரமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"நானும் அவனும் ஒண்ணாத்தேன் பென்ஷன் வாங்கி, ஒரே ரயில்ல ஊருக்கு வந்தோம். வழி பூராம் சீட்டு வெளையாண்டோம். பத்து வெரலாலயும் சீட்டக் கலைச்சு என்னைய ஏமாத்துனான். அதுக்கு முன்னாடியே வெரல் போச்சுன்னு எவன் சொன்னான்?"

சண்டையில் செத்தவர்களை என் கையால் தூக்கியிருக்கிறேன், அவர்களுக்குச் சொந்தமான வார்த்தையை இப்படி ஃபிளெக்ஸில் போட்டு விளையாடக் கூடாது என்றார் சுபேதார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் செல்வி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

என்னைத் தனியாகத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முகம் சிவந்திருந்தது. சின்னப் பிள்ளையில் அவளுக்கு ஆள்காட்டி விரலைச் சூப்பும் பழக்கம் இருந்ததாம். நானும் உன்னை மாதிரியே சூப்பிச் சூப்பித்தான் என் விரல் கரைந்துபோனது என்று அப்பா சொன்னாராம். அது விளையாட்டு என்று வளர்ந்த பிறகு தெரிந்தது. சண்டையில் போனதுதான் நிஜம், என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன் என்றாள். இன்றைக்கு அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

"மாமா, நான் தெனம் பொழுதுக்கும் பிள்ளைகளப் பொய் சொல்லாதன்னு சொல்றவ. எங்கப்பா ஊரையே ஏமாத்தி மாலை வாங்கியிருந்தா, அந்தப் படத்தத் தொறக்க என் கை வராது. நெசம் தெரியாம நான் மேடையேற மாட்டேன்."

அம்மாவிடம் கேட்டாயா என்றேன். அம்மா என்றைக்குக் கேட்டாலும் உங்கப்பாவிடமே கேள் என்றுதான் சொல்வார், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார் என்றாள்.

தம்பிகளா, மெஷின் உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம். பெற்ற மகள் வந்து, என் அப்பா நல்லவரா பொய்யரா என்று கேட்டால் எந்த டூல்பாக்ஸைத் திறப்பது? எனக்குச் சாருடைய பொய் அத்தனையும் மனப்பாடம். நிஜம் தெரியாது.

நிகழ்ச்சியைத் தொடங்கினேன், வேறு வழியில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பை, நரைத்த மீசை, எல்லாம் நம் பையன்கள். மேடையில் படம் மஞ்சள் துணி மூடி இருந்தது. செல்வி கீழேயே, அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்றால், நான் அக்கா என்று கூப்பிடும் சாருடைய மனைவி. சின்னமனூரில் தையல் கடை நடத்தியவர், அதிகம் பேசமாட்டார். சுபேதார் வாசல்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஃபிளெக்ஸ் நிழல் தன்மேல் விழாதபடி.

முதலில் பேச வந்த டர்னர், லேத்தில் விரலைப் பறிகொடுத்தும் எங்களுக்காக லேத்தை விட்டு விலகாதவர் என்று உருகினான். உட்கார்ந்திருந்த வயர்மேன் ஒருவன் எழுந்து, அது கரண்டில் போன விரல் என்றான். எங்களிடம் சொன்னது ட்ரில்லிங் மெஷின் என்று ஃபிட்டர்கள் பக்கமிருந்து குரல் வந்தது. காசிம் எழுந்து நின்று, சிலிண்டர் விழுந்ததைச் சார் நடித்தே காட்டினார் என்று சத்தியம் செய்தான். அவனவனும் தன் மெஷினுக்குத்தான் அந்த விரல் சொந்தம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டான். விட்டால் மண்டபத்தில் கைகலப்பு வந்திருக்கும். செல்வி தலை குனிந்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் மடியில் விழுந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கையில் மைக். சண்டைக் கதையைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிவிடலாம், சுபேதார் எழுந்து போய்விடுவார். பாடத்துக்காகச் சொன்ன பொய் என்று உடைத்துவிடலாம், நிஜம் எது என்று செல்வி கேட்பாள். எதைச் சொன்னாலும் படம் மூடியேதான் கிடக்கும்.

அவசரத்தில் கை நீட்டாதே, முதலில் கண்ணால் பார் என்பது சார் எனக்குச் சொன்னது. பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். எனக்கு என்னவோ அந்தக் குலுக்கல் சரியாகப் படவில்லை. முப்பது வருடம் மெஷின் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து வந்த கண் இது. அழுகிற தோள் கீழே இறங்கும், அக்கா தோள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்கிறார். அடக்க முடியாமல் சிரிக்கிறார்.

மேடையை விட்டு இறங்கினேன். "எனக்கு நெசம் தெரியாது. தெரிஞ்சவுக இவுகதேன்" என்று சொல்லி மைக்கை அக்கா கையில் கொடுத்துவிட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கைத் தையல் மெஷின் பாபின் மாதிரி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். மகள் முகத்தையும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"பட்டாளத்துல இருந்து வந்த புதுசு. இங்கன வேலைக்கு ஆர்டர் வந்துருச்சு, திங்கக்கெழம போயிச் சேரணும். அதுக்குள்ள வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். செல்வி அப்ப வயித்துல இருக்கா. கரும்புச்சாறு வேணும்னு நாந்தேன் கேட்டேன்."

வாசல்படியில் சுபேதார் நாற்காலியை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சாறு புழியிற மெஷின்ல பல்சக்கரம் ரெண்டும் தொறந்து கெடந்துச்சு. இவுகளுக்குப் பொறுக்கல. சாறக் குடிச்சமா வந்தமான்னு இல்லாம, கடக்காரருக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாக. இதுக்கு ஒரு மூடி போடணும்யா, ஏதாச்சும் பிள்ள வந்து தெரியாம இங்கன இப்பிடி வெரல வச்சா என்னாகும்னு சொல்லி..." அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "வச்சுக் காட்டுனாக."

யாரோ "ஐயோ" என்றார்கள்.

"கடக்காரரு அந்தப் பக்கம் திரும்பி நின்னு, அடுத்த கிளாசுக்குச் சக்கரத்தச் சுத்திட்டாரு."

கடைக்காரர் பதறிப்போய் இவர் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டே, சார், நீங்கள் சொன்னது நிஜந்தான், மூடி போட வேண்டும் என்றாராம். அக்கா அதை அந்தக் கடைக்காரர் குரலிலேயே சொன்னார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சாவு வீட்டுக் காரியத்தில் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, அடக்கி அடக்கி, பிறகு மண்டபமே வெடித்துவிட்டது.

திங்கட்கிழமை கைக்கட்டோடு வேலையில் சேரப் போயிருக்கிறார். அப்போதிருந்த முதல்வர், பட்டாளத்துக்காரர் என்று தெரிந்ததும் கட்டைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டாராம். "அதுக்கப்பறம் கரும்புச்சாறுன்னு எப்பிடிச் சொல்லுவாக?" என்றார் அக்கா. வெளியே சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், சிரித்தால் பயம் போய்விடும், பயம் போனால் விரல் போய்விடும், நான் இருக்கும் வரைக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். சண்டையில் போனதா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லமாட்டேன், அந்தப் பாவம் வேண்டாம் என்றும் சொன்னாராம். அந்த இருமலுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"மறு வருசம் போயிப் பாத்தோம். அந்த மெஷினுக்குத் தகரத்துல மூடி போட்டிருந்தாரு. இவுக அதத் தட்டிப் பாத்துட்டு, நம்ம பாடம் மண்டையில ஏறுன மொத ஆளு இவருதேன்னாக. சாறு மட்டும் குடிக்கல. கடைசி வரைக்கும் குடிக்கல."

அக்கா உட்கார்ந்தார். செல்வி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சூப்பிச் சூப்பிக் கரைஞ்சு போச்சுன்னு சொன்னாரேம்மா" என்றாள். அக்கா, "நீ நிறுத்துனியா இல்லையா?" என்று கேட்டார்.

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. சுபேதார் எழுந்து நின்றார். நேராக ஃபிளெக்ஸ் கீழேயே நுழைந்து, நடுவில் நடந்து மேடைக்கு வந்தார். மைக் வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"போர்ல போகல. ஆனா டூட்டியில போயிருக்கு" என்றார். மூடிக் கிடந்த படத்தைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். பிறகு காசிமைக் கூப்பிட்டு, அந்தப் பீரங்கியையும் புலியையும், கீழே 'போர்முனையில்' என்ற வார்த்தையையும் மட்டும் அழித்துவிடச் சொன்னார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் முதல்வர் கோபித்துக்கொள்வார். விரல் எங்கே மாட்டும் என்று காட்டும்போது மெஷினை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மெயினை அணைத்த பிறகும் குச்சியால் காட்டுங்கள். நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு வருகிற நேரம் இருக்கிறதே, அதுதான் நம்மைப் போன்ற வாத்தியார்களுக்கு ஆபத்தான நேரம். அவ்வளவு தெரிந்த மனுஷனுக்கே அப்படி ஆகியிருக்கிறது.

செல்வி மேடை ஏறினாள். படத்தின் கயிற்றைப் பிடித்தாள். இழுக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் கையத் தூக்குங்க" என்றாள்.

ஒரு நொடிதான். நாற்காலிகள் நகர்ந்தன. மண்டபம் முழுக்க எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கியது. கான்ட்ராக்டர்கள், பட்டறை முதலாளிகள், பஸ் டிப்போ மெக்கானிக்குகள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள், பேரன் எடுத்தவர்கள். நானும் தூக்கினேன். செல்வி கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்து, முதல் வரிசையில் அப்பா மாதிரியே ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள். பத்து. பத்து. பத்து. அவள் எண்ணிக்கை தவறவில்லை. எத்தனை வருடத்துப் பையன்கள், லேத்திலும் ட்ரில்லிலும் கரண்டிலும் தினமும் கை வைத்துப் பிழைக்கிறவர்கள். அத்தனை கையும் முழுசாக இருந்தது.

இரண்டாவது வரிசையில் ஒருவன் மட்டும் கையைக் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தான். செல்வி நின்றாள். சுண்டுவிரலில் நுனி இல்லை. அவன் வெட்கத்தோடு, "தீபாவளி வெடிம்மா. ஒர்க்‌ஷாப் இல்ல. சார் கணக்குல வராது" என்றான். "ஒம்போதரை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். எல்லாரும் கையைத் தூக்கியபடியே சிரித்தார்கள். காசிம் முன்னால் வந்தபோது அவள் வாயைத் திறப்பதற்குள் மண்டபமே சேர்ந்து "பதினொண்ணு" என்றது. அவன் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமென்றால் கையை இறக்க வேண்டுமே.

கடைசி வரிசை முடிந்து செல்வி திரும்ப மேடை ஏறினாள். எங்களுக்குக் கை கடுக்க ஆரம்பித்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற தொப்பைக்காரனுக்குக் கை ஆடியது. ஒருவனும் இறக்கவில்லை. செல்வி கயிற்றை இழுத்தாள்.

எந்தப் படம் வைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, அது காசிம் பொறுப்பு. சார் ஓய்வு பெற்ற நாளன்று சாயங்காலம் யாரோ எடுத்த படம். காக்கிச் சட்டை, மீசை, பின்னால் லேத். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்கிறார்.

செல்வி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"ஒன்பது" என்றாள்.

அப்புறம்தான் நாங்கள் கையை இறக்கினோம்.